யஹ்யா பாய்க்கு உப்புப் பார்த்தவள்

யஹ்யா பாயைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் பெரிய மனிதர் இல்லை. சங்கம் வைத்தவர் இல்லை, மேடையில் பேசியவர் இல்லை. தங்காக்கிலிருந்து செம்மண் ரோட்டில் உள்ளே போனால் வரும் எங்கள் ரப்பர் தோட்டத்தில், மேட்டுப் பங்களாவில், வெள்ளைக்காரத் துரைக்குச் சமைத்துப் போட்டவர். அவ்வளவுதான். இதற்கெல்லாம் ஒரு கதையா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் யாரையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

ஆள் ஒல்லி. நாகூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். இளவயதில் கப்பல் அடுப்படியில் வேலை பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் இறங்கி, பத்து பாகாட் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொஞ்ச காலம் சமைத்து, அப்புறம் எங்கள் துரை கையில் அகப்பட்டவர். மனைவி மீரா பீவியும் இரண்டு பெண்களும் ஊரில் இருந்தார்கள். தரையில் நடந்தாலும் கப்பலில் நடப்பவர் மாதிரி காலை அகட்டி வைத்து மெதுவாகத்தான் நடப்பார். பேச்சும் அப்படித்தான். ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் நமக்குக் கேள்வியே மறந்துபோகும். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். நான் சட்டென்று பேசிச் சட்டென்று முடிக்கிறவள்.

அதோடு கனவு வேறு. மனிதர் தூங்கினால் காய்கறிதான் வரும். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக் குழாயடியில் நிற்கிறவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்லுவார். "நேத்து ஒரு பூசணிக்காயைப் பாத்தேன், தங்கச்சி. கடல்ல மிதந்துக்கிட்டே வந்துச்சு. கிட்ட வந்ததும் பாத்தா உள்ள விளக்கு எரியுது." சொல்லிவிட்டு அந்த விளக்கை இப்போதும் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் நிற்பார். நாங்கள் சிரிப்போம். அவருக்கு அதில் கோபமே வராது. எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

துரைக்குப் பல் சரியில்லை. இறைச்சியை மெல்ல முடியாமல் மதியத்துக்கு நாள் தவறாமல் முட்டைதான் சாப்பிடுவார். அதை யஹ்யா பாய் செய்கிற விதமே தனி. முட்டைகளை உடைத்து, இனிப்பில்லாத டின் பால் ஊற்றி, நுரை வரும்வரை அடிப்பார். கேரட்டு, பீன்ஸ், வெங்காயம், தக்காளி, சந்தையில் கிடைத்தால் முளைக்கீரை, எல்லாவற்றையும் பொடியாக அரிந்து வெண்ணெயில் வதக்கி ஆறவிடுவார். சூட்டோடு கொட்டினால் முட்டை திரிந்துவிடுமாம். பிறகு சீசு. சிங்கப்பூரிலிருந்து டின்னில் வருகிற மஞ்சள் கட்டி அது. பாலைத் திரித்து உப்புப் போட்டு நாள்கணக்கில் வைத்திருந்து செய்வது. அதைத் துருவி, பாதியை முட்டையில் கலந்து, மீதியை மேலே தூவி, பீங்கான் தட்டோடு இரும்பு அடுப்பின் வயிற்றுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்.

சாத்தினால் சாத்தியதுதான். நடுவில் திறந்து பார்க்க மாட்டார். முக்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு அடுப்புக்குக் காது கொடுப்பார். முதலில் முணுமுணுப்பு வரும், அப்புறம் சளசளப்பு, அப்புறம் சத்தம் அடங்கும். அடங்கினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். எடுத்தால் மேலே பொன்னாகப் பூத்து, நடுவில் கொஞ்சம் உப்பி, மூச்சு விடுவது போல் மெல்ல அமுங்கும்.

லயத்தில் அதற்குத் துரை முட்டை என்று பெயர். காற்று மேட்டிலிருந்து இறங்கினால் அந்தச் சீசு வாடை லயம் முழுவதும் பரவும். "அலமாக், துரை இன்னிக்கும் காலுறையைப் போட்டு அவிக்கிறாரு" என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். எல்லோரும் அப்படித்தான். என்னைத் தவிர.

நான் காளியம்மா. அந்த வருஷம் மாசி பிறந்தபோது எனக்கு வயிற்றில் மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. மசக்கை வந்தால் எனக்குச் சோறு இறங்காது, அதுதான் பிரச்சினை. உலை கொதிக்கிற வாசனை பட்டாலே குடலைப் புரட்டிக்கொண்டு வரும். கஞ்சி, களி, பழம், எதுவும் நிற்காது. தண்ணீர்கூடச் சில நாள் திரும்பி வந்துவிடும். முதலிரண்டு தடவையும் அப்படியே வற்றி வற்றி, நான்காம் மாதத்தில் போய்விட்டது. இந்தத் தடவை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வந்து கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் உள்ள போய் நிக்கணும் காளியம்மா. இல்லேன்னா இதுவும் தங்காது. நீயும் தங்க மாட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அர்ச்சுனன் பால் எடுக்க மரம் வெட்டப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் திட்டி அனுப்பினேன்.

அது ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற காலம். எங்கு பார்த்தாலும் செம்பும் மஞ்சளுமாக இலைகள் விழுந்துகொண்டே இருக்கும். காற்றே இல்லாவிட்டாலும் விழும். நான் பாயில் படுத்துக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உடம்பில் தெம்பு இல்லாதபோது தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் சுவர் இருப்பதில்லை. குனோங் லேடாங் மலை சில நேரம் தொலைவில் நிற்கும், சில நேரம் வாசல்படிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். இலைகள் கீழிருந்து மேலே போவது போல் இருக்கும். போன இரண்டு பிள்ளைகளும் அந்த இலைகளைப் பொறுக்கி விளையாடும். பயமாக இருக்காது, அதுதான் பயம். இப்படியே மிதந்து போய்விட்டால் நல்லதுதானே என்று தோன்றும்.

அந்த மிதப்புக்குள் ஒரு நாள் மேட்டிலிருந்து அந்த வாடை வந்தது. வெண்ணெயில் வெங்காயம், வெந்த முட்டை, அதற்கு மேல் கருகக் கருகச் சீசு. லயமே மூக்கைப் பொத்தியது. நான் எழுந்து உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில் இல்லை, பசி எச்சில். எத்தனையோ நாளாக மறந்துபோயிருந்த ருசி அது. பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். "அடிப் பாவி, போயும் போயும் இதுக்கா உக்காந்த" என்றாள்.

வாசனை பிடித்த மசக்கைக்காரிக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும் என்பது எங்களில் எழுதாத சட்டம். கொடுக்காவிட்டால் சமைத்தவர்களுக்கு உறுத்தும். பேச்சியம்மாள் சும்மா இருப்பாளா. குழாயடியில் யஹ்யா பாயிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் அவளிடமே இலையில் ஒரு துண்டு மடித்துக் கொடுத்துவிட்டிருந்தார். துரை தட்டில் மிஞ்சியது. இலையைப் பிரிப்பதற்குள் அர்ச்சுனன் வந்துவிட்டார்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் ரோஷக்காரர். பங்களாவின் பின்வாசலில் லயத்துப் பிள்ளைகள் ரொட்டி ஓரத்துக்கு நிற்பதையும் விருந்தாளிகள் அதைப் பார்த்துச் சிரிப்பதையும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து பங்களாவில் மிஞ்சியது நம் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த இலையை அப்படியே மடித்து, "பாய்கிட்ட குடுத்துருங்க அக்கா. மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. எங்களுக்கு எச்சில் வேணாம்" என்று திருப்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கத்தத் தெம்பில்லை, அதனால் அழுதேன். அவரும் வெளியே போய் அழுதார் என்று பேச்சியம்மாள் பிறகு சொன்னாள். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

அந்த வாரம் முஸ்லிம்களுக்கு நோன்பு பிறந்தது. முதல் நோன்பன்று காலையில் யஹ்யா பாயே மேட்டிலிருந்து இறங்கி, கால் அகட்டி, மெதுவாக எங்கள் வாசலுக்கு வந்தார். அர்ச்சுனன் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு உதவி கேட்டு வந்தேன்" என்றார்.

"சொல்லுங்க பாய்."

"நோன்பு வந்திருச்சு. பகல்ல எதையும் வாயில வைக்க மாட்டேன். போன வருஷ நோன்புல ருசி பாக்காமலே துரைக்கு முட்டை சுட்டேன். உப்பு தப்பிருச்சு. அந்தச் சீசுலயே உப்பு இருக்கு, டின்னுக்கு டின் கூடும் குறையும். துரை தட்டைத் தள்ளிவிட்டுட்டாரு. இந்தத் தடவை உப்புப் பாக்க ஒரு ஆள் வேணும்."

"நான் வேலைக்குப் போவணுமே."

"உன்னைக் கேக்கல. தங்கச்சி வீட்லதானே இருக்கு. பெருசைச் சுடறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணத்துல கொஞ்சம் சுட்டுக் கொண்டாறேன். சாப்பிட்டுப் பாத்து உப்பு எப்படின்னு சொல்லட்டும். மிஞ்சினது இல்ல, துரை வாயே வைக்காதது. சமையக்காரன் ருசி பாக்குற பங்கு அது. அது எனக்கு உள்ளது. இந்த மாசம் என்னால தின்ன முடியல."

அர்ச்சுனன் கையிலிருந்த வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அப்ப இது வேலை" என்றார்.

"வேலைதான். நான் வாக்குக் குடுக்கிறேன்" என்றார் பாய்.

அன்று முற்பகல் ஒரு சின்ன மங்குக் கிண்ணம் வந்தது. துணி போட்டு மூடியிருந்தது. நான் துணியை விலக்கினேன். மேலே பொன் நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். அதற்குக் கீழே பச்சையும் சிவப்புமாகக் காய்கள். ஒரு வாய் எடுத்தேன். இறங்கியது. காத்திருந்தேன். அங்கேயே இருந்தது. இன்னொரு வாய். கிண்ணம் காலியாகிவிட்டது. எனக்குள்ளே யாரோ விளக்கை ஏற்றியது போல் இருந்தது. யஹ்யா பாய் வாசலில் குந்தியபடி, அடுப்புக்குக் காது கொடுப்பது போல் தலையைச் சாய்த்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"உப்பு எப்படி தங்கச்சி?"

"பத்தல பாய்" என்றேன்.

போனார். உப்பைப் போட்டார். அன்று துரையோடு பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்திலிருந்து வந்த விருந்தாளிகளும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாய் வைத்ததும் தண்ணீர்க் குவளை தேடினார்களாம். துரை பாயைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் கத்தினாராம். இன்னொரு தடவை இப்படி வந்தால் மூட்டையைக் கட்டு என்றாராம். நோன்பிருக்கிற மனிதர் மசக்கைக்காரி நாக்கை நம்பினால் வேறென்ன ஆகும், சொல்லுங்கள். அந்த நாளில் எனக்கு உப்பளத்தையே கொட்டினாலும் பத்தாது. அவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பேச்சியம்மாள் வந்து சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. அவருக்குத் திட்டு விழுந்ததே என்பதற்காக மட்டும் இல்லை. கிண்ணம் இனி வராதே என்பதற்காகவும்தான். பசிக்கிறவளிடம் நியாயம் பேசாதீர்கள்.

மறுநாள் கிண்ணம் வந்தது.

"என்ன பாய், மறுபடியும் எங்கிட்டயே வாரீங்க. துரை வெரட்டிவிடப் போறாரு" என்றேன்.

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். "உன் நாக்கு கோணல் தராசு தங்கச்சி. எவ்வளவு கோணல்னு நேத்து தெரிஞ்சுபோச்சு. இனிமே நிறுத்துக்கலாம். நீ பத்தலன்னா சரியா இருக்குன்னு எடுத்துக்குவேன். நீ சரின்னு சொன்னா உப்பைப் பாதியாக் குறைச்சிருவேன்."

"நான் கூடிப்போச்சுன்னு சொன்னா?"

"அன்னிக்குத் துரைக்குச் சமைக்க மாட்டேன். ஓடிப்போயிருவேன்" என்றார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அன்றுதான் நான் சிரித்தேன்.

அப்படியே நோன்பு மாதம் நகர்ந்தது. பாய் சொன்ன கணக்கு பலித்தது. துரையிடமிருந்து சத்தம் வரவில்லை. மரங்களில் இலை மொத்தமும் உதிர்ந்து வானம் தெரிந்தது. பிறகு கிளை நுனிகளில் செம்பு நிறத்தில் தளிர் விட்டது. நான் படுத்தபடியே கிண்ணத்துக்காகக் காத்திருப்பேன். வாடை முதலில் வரும், பின்னால் பாய் வருவார். அரைத்தூக்கத்தில் எனக்கு அந்த வாடையே ஆளாக நடந்து வருவது போல் இருக்கும்: கைலி கட்டி, கால் அகட்டி, கையில் கிண்ணத்தோடு. சில நாள் பாய் தன் கனவைச் சொல்வார். பீன்ஸ் எல்லாம் மீன் மாதிரி நீந்திப் போனதாம். தக்காளிக்குள் ஒரு சின்ன மழை பெய்ததாம். முன்பு எரிச்சலாக இருந்தது இப்போது காதுக்கு இதமாக இருந்தது. நானே ஒரு நாள், "அப்புறம் அந்த மழை நின்னுச்சா பாய்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது.

வேறு எதுவும் இன்னும் இறங்கவில்லை. சோற்று வாசனை வந்தால் குமட்டல்தான். ஆனால் அந்த ஒரு கிண்ணம் நின்றது. நான்காம் மாதம் வந்தது. நானும் அர்ச்சுனனும் அந்த மாதத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் வாயே திறக்கவில்லை. அது எங்களைத் தாண்டிப் போனது.

நோன்புப் பெருநாளன்று பாய் வரவில்லை. தங்காக் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அன்று முழுக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நோன்பு முடிந்துவிட்டது, இனி அவரே உப்புப் பார்த்துக்கொள்வார், கிண்ணம் நின்றுவிடும் என்று தெரியாதா எனக்கு. ஆனால் மறுநாள் துணி மூடிய கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"நோன்பு முடிஞ்சிருச்சே பாய்" என்றேன்.

"இன்னும் ஆறு நோன்பு இருக்கு தங்கச்சி. பெருநாளுக்கு அப்புறம் வைக்கிறது. வெச்சா நன்மை" என்றார்.

ஆறு நோன்பு என்றால் எத்தனை நாள் என்று ஒரு குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை பாருங்கள். அல்லது தெரிந்துகொள்ள மனம் வரவில்லை. கிண்ணம் வந்தது, சாப்பிட்டேன், உப்புச் சொன்னேன். அர்ச்சுனனும் எதுவும் கேட்கவில்லை. தளிர் முற்றி இலையாகி, லயத்தின் மேல் மறுபடியும் நிழல் கட்டியது. பாயின் கன்ன எலும்பு எழும்பியதும், மேடு ஏறும்போது நடுவில் நின்று மரத்தைப் பிடித்துக்கொள்வதும் என் கண்ணில் பட்டது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னது கபீர். தங்காக் ஜவுளிக் கடையிலிருந்து துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருகிறவர். ஒரு சாயங்காலம் பேச்சியம்மாள் வாசலில் மூட்டையைப் பிரித்துக்கொண்டே, "உங்க பங்களா பாய்க்கு என்ன ஆச்சு? பெருநாள் போய் ஒரு மாசத்துக்கு மேல ஆகுது, இன்னும் நோன்பு வெச்சுக்கிட்டே இருக்காரே. ஏதாச்சும் வேண்டுதலா, நேர்ச்சையான்னு கேட்டா சிரிக்கிறாரு. மனுசன் துரும்பாப் போயிட்டாரு" என்றார்.

நான் உள்ளிருந்து, "உப்புப் பாக்க முடியாதுல்ல, அதுக்காகவா" என்று என்னவோ உளறினேன்.

"உப்புப் பாக்கறதா? சமையக்காரன் நாக்கு நுனியில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிட்டா நோன்பு முறியாதும்மா. அது எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்" என்றார் கபீர்.

என் காதில் அதற்குமேல் எதுவும் விழவில்லை. எத்தனையோ நாளாக வாசல் தாண்டாதவள் எழுந்தேன். பேச்சியம்மாள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். கழுவி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேடேறினேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மரங்களுக்கு நடுவே வெளிச்சம் நீளநீளமாகச் சாய்ந்து, ஒவ்வொரு மரத்திலும் பால் வடிந்த கோடு மினுங்கியது. கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. கோபம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

யஹ்யா பாய் அடுப்படிப் பின்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி. வெளிச்சம் போவதற்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட பொய் சொன்னீங்களா பாய்?" என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் திடுக்கிட்டார். பிறகு கபீர் வந்துபோனது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "உக்காரு தங்கச்சி. பொய் சொல்லக் கூடாதுன்னுதான் நோன்பு வெச்சேன்" என்றார்.

"நாக்கு நுனியில வெச்சுப் பாக்கலாமாமே."

"பாக்கலாம். என் நாக்கை எனக்குத் தெரியும், நுனியோட நிக்காது. நோன்பு இல்லாத நாள்ல நானே ருசி பாத்துட்டு, உனக்கும் ஒரு கிண்ணம் கொண்டாந்தா அது வேலை இல்ல, தருமம். அர்ச்சுனன்கிட்ட வேலைன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அவன் ரோஷக்காரன். தெரிஞ்சா கிண்ணத்தைத் திருப்பிருவான். நான் பட்டினியா இருந்தாத்தான் நீ உப்புப் பாக்கறது நிசம்."

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே திட்டினேன். புத்தி இருக்கிறதா, கண்ணாடியில் முகத்தைப் பார்த்தீர்களா, ஊரில் இருக்கிற மீரா பீவிக்கு யார் பதில் சொல்வது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எனக்குப் பசி பழகிப்போச்சு, தங்கச்சி. உனக்குப் பழகக் கூடாது" என்றார்.

ஏன் இப்படிச் செய்தார் என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். யாரையாவது இழந்தவரா, ஏதாவது பாவத்துக்குப் பரிகாரமா என்று. அப்படி எதுவும் இல்லை. காரணம் வைத்துக்கொண்டுதான் ஒருவர் நல்லவராக இருக்க வேண்டுமா என்ன.

வெளிச்சம் போனது. அவர் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்தார். கஞ்சிக் கோப்பையை எடுக்கும் முன் நான் எடுத்துக்கொண்டேன்.

"அரிசி அது. வாந்தி எடுப்ப" என்றார்.

"எனக்கு இப்பல்லாம் இறங்குது" என்றேன்.

குடித்தேன். இஞ்சியும் பூண்டும் வெந்தயமும் போட்டு மசித்த அரிசி. தொண்டையில் கல்லாக இறங்கியது. குடித்து முடித்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே புரண்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மரங்கள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா, நின்னுருச்சு. நாளையிலேருந்து நீங்களே உப்புப் பாருங்க. எனக்கு வேலை வேணாம்" என்றேன்.

அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை என்னால் சொல்ல முடியாது. மூடியிருந்த அடுப்புக் கதவைத் திறந்தது போல் இருந்தது. மீதிக் கஞ்சியைச் சட்டியிலிருந்து ஊற்றி அவரும் குடித்தார்.

நான் எழுந்து, அவசரம் காட்டாமல் நடந்து, பங்களா வளைவைத் தாண்டியதும் ஒரு மரத்தடியில் விழுந்து குடித்தது அத்தனையையும் கக்கினேன். அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். பிறகு வீட்டுக்குப் போய் அர்ச்சுனனிடம், "உலை வைங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். கஞ்சி குடித்தேன். கக்கினேன். மறுபடியும் குடித்தேன். மறுநாளும் அதே. குடிப்பதும் கக்குவதும் கழுவுவதுமாகவே நாட்கள் போயின. அர்ச்சுனன் கெஞ்சினார், "பாயைக் கூப்பிடட்டுமா" என்றார். அந்த மனிதர் எனக்காக இன்னொரு நாள் பட்டினி கிடந்தால் என்னால் தாங்க முடியாது. வயிற்றிடம் வாய்விட்டே சொன்னேன், உனக்காக ஒருத்தர் இவ்வளவு நாள் பசித்திருந்தார், நீ ஒரு வாய் சோற்றைப் பிடித்துக்கொள்ள மாட்டாயா என்று. எந்த நாள் என்று தெரியாது, ஒரு காலையில் ஒரு வாய் நின்றது. மதியம் இன்னொரு வாய். அன்று சாயங்காலம் வயிற்றுக்குள் ஒரு சின்ன மீன் திரும்பிப் படுத்தது.

பாயிடம் இதை நான் சொல்லவே இல்லை. குழாயடியில் பார்க்கும்போது, "சோறு இறங்குதா தங்கச்சி?" என்பார். "தட்டுத் தட்டா இறங்குது" என்பேன். அவர் கன்னம் மெல்லத் தேறி வந்தது.

ஆவணியில், ரப்பர்க் கொட்டைகள் பட்டென்று வெடித்துத் தெறிக்கிற ஒரு முற்பகலில் எனக்குப் பெண் பிறந்தாள். பேச்சியம்மாள்தான் பிள்ளையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தாள். அழுதது. பூனைக்குட்டி அழுகை இல்லை, சண்டைக்காரி அழுகை. அர்ச்சுனன் வாசலில் நின்று கேட்டார். உள்ளே வந்து பிள்ளையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். திரும்பி ஓட ஆரம்பித்தார். மேட்டைப் பார்த்து, பங்களாப் பின்வாசலைப் பார்த்து, அங்கே மிஞ்சியது நம் வாசலைத் தாண்டக் கூடாது என்ற மனிதர் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். யஹ்யா பாய் ஓடி வந்து நான் அன்றுதான் பார்த்தேன். கையில் மாவு, தோளில் கரித்துணி. வாசலில் குந்தி, மூச்சு வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அர்ச்சுனன் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

காற்று மேட்டிலிருந்து இறங்கியது. எனக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது. வெண்ணெய், முட்டை, சீசு, அதற்கு மேல் கரியும் வாடை.

"பாய், அடுப்புல துரை முட்டை இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"கருகுது பாய்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை கையை நீட்டி அவர் விரலைப் பிடித்திருந்தது.

"கருகட்டும், தங்கச்சி" என்றார்.